உப்பு லாரியில் வந்த வைக்கோல்

எங்கள் வீட்டின் தெற்குச் சுவர் ஐப்பசி மாதத்து முதல் மழைக்குப் பிறகு வியர்க்க ஆரம்பித்தது. காலையில் கை வைத்தால் உள்ளங்கை ஈரமாகும். பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் ஈரம் காய்ந்து, அந்த இடத்தில் வெள்ளையாக, நைந்த பஞ்சு போல ஒன்று பூத்து நிற்கும். அதைத் தட்டினால் பூச்சும் சேர்ந்து உதிரும். மண்ணையும் வைக்கோலையும் குழைத்துக் கட்டிய வீடு அது. கட்டியவர் ஒரு பெண். அவர் கொத்தனாராக நின்று கட்டிய முதல் வீடு. அவருக்கு இரண்டாவது வீட்டு வேலையைக் கொடுக்கக்கூடியவர்கள் அதைப் பார்க்க வருவதற்கு இன்னும் பதினோரு நாட்கள்தான் இருந்தன.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு நாங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு மாடி வீட்டில் இருபது வருடத்துக்கும் மேல் வாடகைக்கு இருந்தோம். பகலெல்லாம் தளம் வாங்கிய சூட்டை விடியும்வரை எங்களிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். என் மனைவி பள்ளி ஆசிரியை. ஓய்வு பெறுவதற்கு முன் வருடமே மண் வீடு என்று முடிவு செய்துவிட்டாள். எங்கோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், விரல் நகங்களில் களிமண்ணோடு திரும்பி வந்தாள். சாத்தான்குளத்திலிருந்து பெரியதாழைக்குப் போகும் பக்கத்தில் அவளுக்கு வந்த பங்கு நிலம் இருபது சென்ட் இருந்தது. சிவந்த மண், நான்கு பனை, ஒரு கிணறு. கிணற்றில் நல்ல தண்ணீர். கடற்கரைக்கு அவ்வளவு கிட்டத்தில் அது அபூர்வம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் "மண் சுவர் இடிந்து விழுந்து" என்று தொடங்கும் செய்திகள் என் மேஜைக்கு வரும். வயது, ஊர், ஆஸ்பத்திரி, தாசில்தார் நேரில் ஆறுதல் என எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவேன். இதை அவளிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"அந்தச் சுவரெல்லாம் ஏன் இடிஞ்சுதுன்னு நீங்க ஒரு நாளாவது நிருபரைக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. கூரை ஒழுகியதா, அஸ்திவாரத்தில் தண்ணீர் நின்றதா, பக்கத்தில் யாராவது பள்ளம் தோண்டினார்களா என்று எந்தச் செய்தியிலும் இருந்ததில்லை. இத்தனை வருடமாக அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அதன்பிறகு நான் எதிர்க்கவில்லை.

மற்றவர்கள் எதிர்த்தார்கள். எங்கள் கீழ் வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு இது சொந்த அவமானம் போலவே பட்டது. "அண்ணாச்சி, தெர்மல் பிளான்ட்டுல சாம்பல் மலையா குமிஞ்சு கெடக்கு. சாம்பல் கல்லு எங்கன பாத்தாலும் கெடைக்கி. ஊரே அதுல கட்டுது. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, போயி மண்ணைக் குழைக்கேங்குதியளே!" என்றார். நாங்கள் வீடு மாறிய அன்று அவரே வந்து அட்டைப்பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தார். கட்டும்போதும் அதையேதான் சொன்னார்.

கொத்தனார் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. வந்து பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டு, தன்னோடு வழக்கமாக வரும் சித்தாள் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கருங்கல் அஸ்திவாரமும் அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டும் நன்றாகவே செய்தார். மண் வேலை தொடங்கிய மூன்றாம் நாள் கையைக் கழுவிவிட்டு நின்றார். மண் சுவருக்குக் கரண்டியைவிடக் கைதான் அதிகம் வேண்டும். உருண்டை உருண்டையாக வைத்து, உள்ளங்கையால் அறைந்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இது கொத்தனார் வேலை இல்ல ஸார். மாட்டுக் கொட்டாய் கட்டுதவனக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

சித்தாள் பெண்களில் மூத்தவர் போகவில்லை. நாற்பது வயது தாண்டியவர். பதினெட்டு வயதிலிருந்து கான்கிரீட் வேலைகளில் சட்டி சுமந்தவர். மண் குழைப்பதற்கு அவர் ஏற்கெனவே ஒரு கணக்கு வைத்திருந்தார். எங்கள் செம்மண் மூன்று பங்கு, குளத்துக் களிமண் ஒரு பங்கு, வைக்கோல் கண்ணளவு. மிதித்து முடித்ததும் ஒரு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். சிதறினால் களி போதாது. தட்டையாகப் பரந்தால் தண்ணீர் கூடுதல். அன்று மத்தியானம் என் மனைவியிடம் வந்து சொன்னார்:

"டீச்சர், அவரு போனா போட்டும். நான் வைக்கேன். நூலு கட்டவும் தெரியும், தூக்குக்குண்டு புடிக்கவும் தெரியும். இருவது வருசமா பாத்துக்கிட்டே இருக்கேன்லா."

"பார்த்தது சரி. செஞ்சிருக்கியா?" என்றாள் என் மனைவி.

"யாரு விட்டா?"

மறுநாள் சாத்தான்குளத்தில் ஒரு இரும்புக் கடையில் ஆணிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவரும் வந்தார். கொத்துக்கரண்டி ஒன்று கேட்டார். கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே, "வீட்டுக்காரருக்கா?" என்றார்.

"எனக்கு."

"ஒனக்கா? நீ என்ன செய்யப் போற இத வச்சு?"

"தோசை திருப்புவேன் அண்ணாச்சி."

அன்றிலிருந்து நான் அவரைக் கொத்தனார் என்றே சொல்லி வருகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சுவர் எழுந்தது. ஒன்றரை அடி கனம். ஒரு நாளைக்கு ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அடிப்பகுதி இறுகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாட்களில் கொத்தனார் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். தூக்குக்குண்டை ஒரே மூலையில் மூன்று தடவை தொங்கவிடுவார். நாட்டு ஓட்டுக் கூரையை மூன்றடி வெளியே நீட்டி இறக்கினோம். மழை சுவரில் அடிக்காமல் இருப்பதற்கு. ஆடி மாதத்தில் வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் பூசி முடித்தார். வைக்கோலைப் பொடியாக நறுக்கி, மண்ணோடு ஒரு வாரம் ஊறப் போட்டு, அது புளித்து நாற்றமெடுத்த பிறகு பூச வேண்டும். பூசும்போது வீடு முழுக்க மாட்டுத் தொழுவ வாசனை அடிக்கும். காய்ந்ததும் வாசனை போய், சுவர் பழுப்பாக, தொட்டால் கன்னம் போல மிருதுவாக வரும். என் மனைவி அந்தச் சுவரைப் போகும்போதும் வரும்போதும் தொட்டுக்கொண்டே போவாள்.

பூசும்போது எடுத்த ஒரு படத்தை அவள் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரின் முதுகு, கரண்டி, பாதி ஈரச் சுவர். ஒரு மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்திலிருந்து போன் வந்தது. போன் செய்த மாணவிக்கு இப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் துபாயில். அவள் தன் உம்மாவோடு பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள், அந்த ஊர் வழக்கப்படி.

"டீச்சர், படத்துல நிக்கிறது கொத்தனாரா, சித்தாளா?"

"கொத்தனார்."

"பொம்பளையே கொத்தனாரா? உம்மா, இங்க வாங்க, டீச்சரே சொல்றாங்க."

சுவர் மண்ணா சிமென்டா என்பதை அவர்கள் அப்புறம்தான் கேட்டார்கள். விஷயம் இதுதான். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறைகளின் சுவர்களைப் புதுப்பிக்க வேண்டும். கொத்தனார் ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வேலை முடியும்வரை சின்னம்மா வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அடுப்பு, துணிமணி, நோயாளி, பூனை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு. மூன்று தடவை அப்படிப் போய் வந்துவிட்டார்கள். ஒரு பெண் கொத்தனார் கிடைத்தால், வீட்டிலிருந்தபடியே வேலை நடக்கும். ஐப்பசியில் கணவர் லீவுக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

கொத்தனாரிடம் இதைச் சொன்னபோது அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே மறுபடி கழுவினார். "டீச்சர் சும்மா சொல்லுதியளா?" என்றார். பிறகு, "அந்த ஒரு வீடு முடிஞ்சிட்டா என்னை யாரும் சட்டி தூக்கக் கூப்பிட மாட்டான்" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. சாரத்துக் கயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

தெற்குச் சுவரின் இரு பக்கத்தையும் மேற்கு அறையையும் பூச வைக்கோல் போதவில்லை. முதல் வைக்கோல் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்தது. இரண்டாவது வண்டிக்கு அலைய வேண்டியதில்லை என்றார் கொத்தனாரின் கணவர். அவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்பும்போது வண்டி காலி. "சும்மா வார வண்டி அண்ணாச்சி. வழியில ஏத்திப் போட்டுக்கிட்டு வந்திருவேன்" என்றார். புரட்டாசியில் அப்படியே கொண்டுவந்து இறக்கினார். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். வழியில் ஒரு தூறல் போட்டதென்றும், தன் உப்புத் தார்ப்பாயைப் போட்டு வைக்கோலை மூடிவிட்டதால் நனையவில்லை என்றும் பெருமையாகச் சொன்னார். நாங்கள் அவரைப் பாராட்டி டீ கொடுத்தோம்.

ஐப்பசியில் சுவர் வியர்த்தபோது நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். வடக்கும் கிழக்கும் காய்ந்து கிடக்கின்றன, தெற்குதான் ஈரம். தெற்கே ஆறு கிலோமீட்டரில் கடல். ஆகவே கடற்காற்று. இதை நான் கொத்தனாரிடம் சுவரின் முன்னால் நின்று, கைகளால் திசைகாட்டி, நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்பம் மேக்கு ரூம் உள்சுவரு? அது வீட்டுக்குள்ளல்லா இருக்கு. காத்து கதவத் தட்டிக் கேட்டுட்டா வந்துச்சு?"

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். உள்சுவரும் பூத்திருந்தது.

நான் கட்டுமானம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன். பழைய பழக்கம். அதை எடுத்து வந்து சாரப் பலகையில் உட்கார்ந்து மூவரும் பார்த்தோம். மண் அதே மண். கிணறு அதே கிணறு. பூசிய கையும் அதே கை. பூத்த சுவர்கள் எல்லாம் புரட்டாசிக்குப் பிறகு பூசியவை. புரட்டாசியில் புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. நோட்டில் நானே எழுதியிருந்தேன்: "வைக்கோல், லாரி, நல்லபடி வந்து சேர்ந்தது."

கொத்தனார் எழுந்து மூலையில் மிச்சம் கிடந்த வைக்கோலில் ஒரு தண்டை உருவி வாயில் வைத்து மென்றார். மாடு போல நிதானமாக மென்றார். பிறகு துப்பினார்.

"கருவாடு மாதிரி இருக்கு டீச்சர்."

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு லாரிக்காரர் மனைவியைக் கூட்டிப் போக பைக்கில் வந்தார். வண்டியை நிறுத்துவதற்குள் கொத்தனாரின் கேள்வி பறந்தது.

"ஏ மனுசா, அன்னைக்கு வைக்கப்புல்லு ஏத்துமுன்ன வண்டிய கழுவுனீரா?"

"தூத்தேன்ளா. நல்லா வாரியக்கட்ட வச்சு ரெண்டு தரம் பெருக்கித் தூத்தேன்."

"தூத்ததக் கேக்கல. கழுவுனீரா?"

"உப்பு வண்டிய எவன்ளா கழுவுவான்? என்ன அழுக்கா அது? உப்பு!"

இதைச் சொல்லிவிட்டு அவர் எங்களைப் பார்த்தார், நியாயம் கேட்கிற மாதிரி. எங்கள் ஊரில் அவர் சொன்னதுதான் சரி. மீன் ஏற்றிய வண்டியைக் கழுவுவார்கள், கரி ஏற்றிய வண்டியைக் கழுவுவார்கள். உப்பை யாரும் அசுத்தமாக நினைப்பதில்லை. தூத்துக்குடியில் உப்புத் தூசி எல்லா இடத்திலும் இருப்பதால் எந்த இடத்திலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டிப் பலகை இடுக்குகளிலும் தார்ப்பாய் மடிப்புகளிலும் இருந்த உப்பு தூறலில் கரைந்து வைக்கோலுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. அந்த வைக்கோலை நாங்கள் ஒரு வாரம் மண்ணில் ஊறவும் வைத்தோம். உப்பில் ஒரு துளியும் வீணாகவில்லை.

லாரிக்காரர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் போச்சா?" என்றார்.

"போச்சு" என்றார் கொத்தனார். "எனக்கு ஒரு வீடு கட்ட இருவது வருசமாச்சு. உமக்கு ஒரு லோடு போதும்."

அவர் பைக்கில் ஏறினார். கொத்தனாரும் பின்னால் ஏறினார். வழக்கமாகத் தோளைப் பிடிக்கிறவர், அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்.

நான் என் மனைவியிடம் ஒரு யோசனை சொன்னேன். சுண்ணாம்பை இரண்டு கை அடித்துவிட்டால் ஒரு வாரமாவது சுவர் பளிச்சென்று நிற்கும். காயல்பட்டினத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பிறகு பொறுமையாகச் சரிசெய்யலாம். யோசனை நல்ல எண்ணத்தில் வந்ததுதான். "அந்தப் பொண்ணு எங்கிட்ட படிச்சவ" என்றாள் அவள். அதோடு முடிந்தது.

மறுநாள் கொத்தனார் சீக்கிரமே வந்தார். தூங்கியவர் மாதிரி தெரியவில்லை. வந்ததும் என் மனைவியிடம் கேட்டார்:

"டீச்சர், கொழம்புல உப்பு கூடிட்டுன்னா என்ன செய்வோம்?"

"சோத்த உருண்டை புடிச்சுப் போடுவோம்."

"அது என்ன செய்யும்?"

"உப்ப இழுக்கும்."

"அதான். மண்ணுலயே உருண்டை போடுவோம்."

பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்தார். நல்ல தண்ணீரில் வெறும் களிமண்ணைக் கூழாகக் குழைத்து, சுவரை நனைத்து, இரண்டு விரல் கனத்துக்கு அப்பினார். அது காயும்போது சுவருக்குள்ளிருந்த உப்பைத் தன் பக்கம் இழுத்தது. மூன்று நாள் கழித்து அப்பியதன் மேல் வெள்ளை பூத்ததும் பெயர்த்தெடுத்து, எங்களைத் தூரத்தில் கொண்டு போய்க் கொட்டச் சொன்னார். பிறகு மறுபடியும் அப்பினார். எனக்கு அது சுவருக்கு ஒத்தடம் கொடுப்பது போலத் தெரிந்தது. இடையில் இரண்டு நாள் மழை. மேற்கு அறை முடிந்தது. தெற்குச் சுவர் பாதிதான் ஆகியிருந்தது.

புது வைக்கோலை ஒரு லோடு ஆட்டோ கொண்டுவந்தது. ஏற்றுவதற்கு முன் கொத்தனாரே போய், ஓட்டுநரை விட்டு வண்டியின் பலகையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். "யம்மா, இது வாழைத்தார் ஏத்துத வண்டி, கோயில் கொடைக்கே இப்படிக் கழுவ மாட்டேன்" என்று ஓட்டுநர் எங்களிடம் வந்து முறையிட்டார்.

சனிக்கிழமை கொத்தனார் என் மனைவியிடம், வருகிறவர்களை அடுத்த வாரம் வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவரிடம் அப்படி ஒரு கெஞ்சலை நாங்கள் கேட்டதில்லை. என் மனைவி போன் செய்தாள். மாணவியின் கணவர் புதன்கிழமை துபாய் திரும்புகிறார், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும், கார் சொல்லியாகிவிட்டது என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வந்தார்கள். மாணவியும் அவள் உம்மாவும். உம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். காரை விட்டு இறங்கும்போதே கூரையை ஏறிட்டுப் பார்த்தார். நான் வாசலில் ஸலாம் சொல்லிவிட்டு, வழக்கம் தெரிந்தவனாக, வீட்டின் தென்புறம் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலுக்குக் கதவு இன்னும் மாட்டவில்லை. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

முதல் பதினைந்து நிமிடம் எல்லாம் நன்றாகப் போனது. கிழக்கு அறையின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். "ஏசி போட்ட மாதிரி இருக்குது உம்மா" என்றாள் மாணவி. உம்மா சுவரைத் தட்டுவது கேட்டது. பிறகு செருப்பில்லாத காலடிகள் தெற்கு அறைக்கு வந்தன.

"இது என்ன? சொறி புடிச்ச மாதிரி நிக்குது?" உம்மாவின் குரல்.

என் மனைவி ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது கொத்தனாரின் சுவர் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"உப்பும்மா" என்றார் கொத்தனார்.

"உப்பா? இங்கன ஏது உப்பு? கடலே கண்ணுக்குத் தெரியலியே?"

"நாந்தான் கொண்டாந்தேன். எங்க வீட்டுக்காரரு உப்பு லாரி ஓட்டுதாரு. அதுல வைக்கப்புல்ல ஏத்திட்டு வந்தோம். பாக்காம பூசிட்டேன். தப்பு எம்மேலதான்."

"ஒன் மேலயா, அவரு மேலயா?"

"அவரு ஏத்துனாரு. பூசுனது நாந்தானம்மா. வாயில வச்சுப் பாத்திருக்கணும்."

கான்கிரீட் போடும் இடத்தில் மறுபடி சட்டியோடு வரிசையில் நிற்கும் கொத்தனாரை நினைத்துப் பார்த்தேன்.

"இப்ப என்ன செய்ற இதுக்கு?" என்றார் உம்மா.

கொத்தனார் சொன்னார். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு சோற்று உருண்டை வந்ததும் குரல் தெளிந்துவிட்டது. பெயர்த்தெடுத்த ஒரு களிமண் பத்தையை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். "இந்தா பாருங்க, இவ்வளவையும் வெளிய இழுத்திருக்கு. ரெண்டாந்தரம் அப்புனதுல பாதிதான். மூணாந்தரம் ஒண்ணும் வராதுன்னு நெனைக்கேன். வந்தா நாலாந்தரம்."

"முழுசா போயிருமா?"

"தெரியாதும்மா. இதான் மொதத் தடவை."

மாணவி, "உம்மா, போலாமா?" என்று மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

உம்மா சிரித்தார். கட்டையான, நீளமான சிரிப்பு. "எங்க போற? நில்லு. ஏம்மா கொத்தனாரு, எங்க வீட்டுப் பின்கட்டுச் சுவத்துல எங்க வாப்பா காலத்துலேர்ந்து உப்பு பூக்குது. கெணத்துத் தண்ணியும் உப்பு, மணலும் உப்பு. மூணு கொத்தனாரு வந்தானுவ. மூணு பேரும் சிமென்டப் பூசிட்டு, 'இனி வரவே வராது உம்மா, நான் கேரண்டி' அப்படின்னு சொல்லிட்டுப் போனானுவ. மறு மழைக்குப் பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. இவ சின்னம்மா வீட்டுப் பூனைக்கும் எங்க பூனைக்கும் ஆகாது. நாங்க படுற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உப்பு எங்கேர்ந்து வருதுன்னு ஒருத்தன் சொல்லல. அத வெளிய எடுக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணல. நீ எப்ப வருவ?"

கொத்தனார் சொன்னது நான் எதிர்பார்த்த பதிலாக இல்லை.

"இந்தச் சுவரு முடியணும். முடிஞ்சு, ஒரு மழை பாத்துட்டுத்தான் வருவேன். அதுக்கு முன்ன வந்தா ஒங்க வீட்டுலயும் தெரியாமத்தான் செய்யணும்."

"தைக்குள்ள வர முடியுமா?"

"முடியும். ஆனா எனக்கு ரெண்டு சித்தாள் வேணும். பொம்பளையாளுவதான். நானே கூட்டிட்டு வாரேன்."

"கூட்டிட்டு வா."

கார் கிளம்பிய பிறகு கொத்தனார் வெளியே வந்தார். தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். என் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு, "குழைச்சது காஞ்சிரும்" என்று உள்ளே போனார். அன்று ஞாயிறு. வேலைக்கு வர வேண்டிய நாளே இல்லை.

சாயங்காலம் லாரிக்காரர் வந்தார். செய்தி அவருக்கு எப்படியோ போயிருந்தது. கையில் மிக்சர் பொட்டலம் இருந்தது. நேரே மனைவியிடம் போகாமல் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, எப்படிப் பாத்தாலும் என் உப்புனாலதான வேலை கெடச்சிருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் அதைக் கொத்தனாரிடமே நேரில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றார்.

தெற்குச் சுவர் மூன்றாம் முறை அப்பியதில் சுத்தமாக வந்தது. கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. தினமும் காலையில் மூவரும் சுவரில் கை வைத்துப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. கொத்தனார் மட்டும் ஒரு மூலையில் சந்தேகப்பட்டு, ஒரு முழம் அகலத்துக்கு மறுபடி சுரண்டிப் பூசினார். எங்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

தை இரண்டாவது வாரம் அவர் தன்னோடு பல வருடம் சட்டி சுமந்த இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு காயல்பட்டினத்துக்கு வேலைக்குப் போனார். முதல் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு என் மனைவிக்குப் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சுவரின் நிலைமை, மண் எங்கே எடுப்பது, தண்ணீர் எப்படி என்று அவள் கேட்டுக்கொண்டே போக, கொத்தனார் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லுதேன் டீச்சர். இங்கன சோறு போட்டாவ. பெரிய தட்டு டீச்சர், சகன்னு சொல்லுதாவ, மூணு பேரும் சுத்தி உக்காந்து ஒண்ணாச் சாப்பிடணுமாம். விசேசத்துக்குத்தான் எடுப்பாவளாம், இன்னைக்கு எங்களுக்கு எடுத்திருக்காவ. நாங்க மூணு பேரும் கையக் கழுவிட்டு உக்காந்தா, எவளும் தொட மாட்டேங்கா. என்னன்னு பாத்தா, நான் மொதல்ல கை வைக்கணுமாம். கொத்தனாரு வச்ச பொறவுதான் மத்தவங்களாம். அந்த உம்மா பக்கத்துலயே நிக்காவ."

"வச்சியா?"

"வச்சேன். அப்புறம் இவளுவ சிரிச்ச சிரிப்புல சோறு பொரையேறிட்டு" என்றார். பின்னால் இரண்டு பெண்கள் சிரிப்பது எங்களுக்கும் கேட்டது. பிறகு, களி ஊறிவிட்டது, போக வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.